டேஷ்போர்டில் இருந்த மஞ்சள் டின்

என் வாசிப்புப் பழக்கத்தால் இதுவரை ஒரு தையல் மெஷினும், இரண்டு சுவர்க் கடிகாரங்களும், நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த ஓர் எலுமிச்சை மரமும் செத்திருக்கின்றன. நான்கிலும் கை வைப்பதற்கு முன்னால் நான் நிறைய வாசித்திருந்தேன். வாசிக்காமல் கை வைத்த சாமான்கள் எல்லாம் இன்னும் வீட்டில் வேலை செய்துகொண்டிருக்கின்றன. இதைக் கவனித்து என் மனைவி ஒரு சட்டம் போட்டிருந்தாள்: "வாசிக்கிறதா இருந்தா சாமானத் தொடாதீங்க. தொடுறதா இருந்தா வாசிக்காதீங்க." சட்டம் நல்ல சட்டம்தான். அதை மீறிய கதைதான் இது.

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, தேயிலை பாதியும் ரப்பர் பாதியுமாகக் கிடக்கும் ஒரு தோட்டத்தில் நான் கிளாக்கர், கணக்கெழுதுகிறவன். எங்கள் வேன் எங்கள் கல்யாணத்தைவிட மூத்தது. தோட்டத்து லொறியை முப்பது வருஷம் ஓட்டி ரிட்டயரானவரிடமிருந்து வாங்கியது. தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் டிரைவரண்ணன், அதனால் எனக்கும். கண்ணில் புரை விழ ஆரம்பித்ததும், "இனிமே நான் ஓட்டுனா வேலி பாய்ஞ்சிருங்க ஐயா" என்று சொல்லி வேனை எனக்குக் கொடுத்தார்.

சாவியைக் கொடுத்த அன்று டேஷ்போர்ட் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு முருகன் படம், சூடம், நெருப்புப்பெட்டி, காய்ந்து கறுத்த ஓர் எலுமிச்சம்பழம், ஒரு சின்ன டின் நிறைய மஞ்சள்தூள். "இதெல்லாம் வண்டியோட சேந்ததுங்க. எடுத்துறாதீங்க" என்றார்.

நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். டிரைவரண்ணன் ஆடி மாசத்தில் தீ மிதிக்கிற குடும்பம். நான் மதங்களைப் பற்றியெல்லாம் வாசித்தவன், பரந்த மனசுக்காரன் என்று எனக்கே ஓர் எண்ணம் உண்டு. முருகன் படம் இருக்கட்டும், சூடமும் இருக்கட்டும், அடுத்தவர் நம்பிக்கையை மதிக்க வேண்டும் என்று மனைவியிடம் ஒரு சிறு பிரசங்கமே செய்தேன். மஞ்சளை மட்டும் அவள் எடுத்துக்கொண்டாள். அது கடைகளில் மஞ்சள் கிடைக்காமல் ஊரே வெள்ளைக் குழம்பு தின்றுகொண்டிருந்த காலம். "சாமிக்கு எதுக்கு ஒரு டின்னு? ஒரு சிட்டிக போதாதா?" என்றாள். சிட்டிகை அளவு டின்னில் விட்டுவைத்தாள். அப்புறம் ஒரு பெரிய வெள்ளிக்கு அதுவும் தீர்ந்தது. வெறும் டின் சமையலறையில் கடுகு போட்டு வைக்க உதவியது.

எங்கள் தோட்டத்து ரோட்டில் பாதி ஏற்றத்தில் ஒரு பீலி இருக்கிறது. பாறை இடுக்கிலிருந்து மூங்கில் வழியாக விழுந்துகொண்டிருந்த தண்ணீர், இப்போது பிளாஸ்டிக் குழாய் வழியாக விழுகிறது. மற்றபடி மாற்றமில்லை. மேலே ஏறுகிற வண்டி எல்லாம் அங்கே நிற்கும். டிரைவர்மார் இறங்கி முகம் கழுவுவார்கள், வெற்றிலையைத் துப்புவார்கள், ரேடியேட்டருக்குத் தண்ணி காட்டுவார்கள். மாட்டுக்குச் சொல்கிற மாதிரியே 'தண்ணி காட்டுறது' என்றுதான் சொல்வார்கள். வேனுக்குப் பின்னால் ஐந்து லீட்டர் கேன் ஒன்று எப்போதும் கிடந்தது. அதையும் டிரைவரண்ணன்தான் தந்தார். மூன்று வருஷம் நானும் பீலியில் நிறுத்தி, கேனை நிரப்பி, தண்ணி காட்டினேன். வேனுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

அப்போதுதான் மனைவிக்குக் கடிதம் வந்தது.

அவள் எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பதினொரு வருஷமாகத் தொண்டர் ஆசிரியை. தொண்டர் என்றால், எல்லா ஆசிரியர்களும் செய்கிற வேலையைச் செய்துவிட்டு, எல்லா ஆசிரியர்களும் போடுகிற கையெழுத்தை வேறொரு கொப்பியில் போடுகிறவர். நிரந்தர நியமனத்துக்கு நேர்முகப் பரீட்சை, திங்கட்கிழமை காலை ஒன்பது மணி, இரத்தினபுரி, மூலப் பிரதிகளோடு நேரில் சமூகம் தரவும் என்று கடிதம் சொன்னது. அடுத்த தடவை கூப்பிடும்போது அவள் வயதெல்லையைத் தாண்டியிருப்பாள். கடிதத்தில் அது எழுதியிருக்கவில்லை. அவள் மட்டும் நாட்காட்டியைப் பார்த்துச் சொன்னாள், ஒரே ஒரு தடவை.

முதல் நாளே அவிசாவளையில் இருக்கிற சித்தி வீட்டுக்குப் போய்த் தங்கிவிடுகிறேன் என்றாள். தோட்டத்து முதல் பஸ்ஸை நம்பினால் ஒன்பது மணிக்கு இரத்தினபுரியை எட்ட முடியாது.

"வீட்டுல வேன வச்சுக்கிட்டு எதுக்குச் சித்தி வீடு?" என்றேன்.

அவள் வேனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இரண்டில் எது ஆபத்து என்று யோசிப்பது தெரிந்தது.

"சரி. அஞ்சு மணிக்குக் கெளம்புறோம். அதுவரைக்கும் நீங்க வேன்ல கை வைக்கக்கூடாது. கழுவலாம். வெளியில மட்டும்."

ஒரு மனிதனிடம் முக்கியமான பொறுப்பைக் கொடுத்தால் அவன் அதற்குத் தகுந்தவனாக மாறப் பார்ப்பான். நான் அன்றிரவே வாசிக்க ஆரம்பித்தேன். நீண்ட பயணத்துக்கு முன்னால் பார்க்க வேண்டிய பத்து விஷயங்கள் என்று ஒரு பட்டியல் போனில் அகப்பட்டது. ஒன்பதைப் பார்த்து முடித்தேன். டயரைக் காலால் உதைப்பது, ஹோர்னை அடிப்பது போன்றவை. பத்தாவது கூலன்ட்.

கூலன்ட் என்பது ரேடியேட்டருக்கு ஊற்றும் மருந்துத் தண்ணீர். வெறும் தண்ணீர் ஊற்றினால் என்ஜினுக்குள் துரு பிடிக்கும், சீக்கிரம் கொதிக்கும், குளிர் நாட்டில் உறைந்து இரும்பையே பிளந்துவிடும் என்று எழுதியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் உறைவது தேங்காய் எண்ணெய் ஒன்றுதான், அதுவும் மார்கழிக் காலையில். ஆனால் துரு என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. மூன்று வருஷமாகப் பீலித் தண்ணீரை ஊற்றி என்ன பாவம் செய்திருக்கிறேன்!

எந்தக் கூலன்ட் என்பதில்தான் சிக்கல். பச்சை, சிவப்பு, நீலம், மஞ்சள், இளஞ்சிவப்பு என்று நிறங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டம். பச்சைக்காரர்கள் சிவப்பைப் பழைய என்ஜினுக்கு விஷம் என்றார்கள். சிவப்புக்காரர்கள் பச்சையைப் பழங்காலம் என்றார்கள். எங்கள் தோட்டத்தில் உள்ள மூன்று சபைகளுக்கு நடுவில்கூட இவ்வளவு பகை கிடையாது. எல்லோரும் ஒத்துப்போனது ஒரே விஷயத்தில்: ஒன்றோடு ஒன்றைக் கலக்காதே, முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்.

திறந்து பார்ப்பது கை வைப்பதாகாது என்று எனக்குள் தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, சனிக்கிழமை காலையில், என்ஜின் ஆறியிருந்தபோது, மூடியைத் திறந்தேன்.

உள்ளே மஞ்சள்.

கொஞ்சம் கலங்கிய, பருப்பு நிறத்து மஞ்சள். விரலை விட்டுப் பார்த்தேன். விரல் மஞ்சளானது. சோப்புப் போட்டும் போகவில்லை. உயர்ந்த தரமான சாயம் என்று முடிவு செய்தேன். லேசாகக் குழம்பு வாசனையும் வந்தது. பக்கத்தில் எங்கள் சமையலறை ஜன்னல் இருந்ததால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மஞ்சள் கூலன்ட் எல்லா வகை என்ஜினுக்கும் பொருந்தும், நீண்ட காலம் உழைக்கும் என்று ஏற்கெனவே வாசித்திருந்தேன். டிரைவரண்ணன் மேல் எனக்கு மரியாதை உயர்ந்தது. தீ மிதிக்கிற மனிதர், உள்ளுக்குள் இவ்வளவு விஞ்ஞானத்தை வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லையே! கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அவர் எம்பிலிப்பிட்டியவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். போன் பண்ணியிருக்கலாம். ஆனால் வாசித்தவன் எதற்குப் போன் பண்ணுவான்?

டவுனில் வாகன உதிரிப்பாகம் விற்கும் முதலாளியிடம் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"வண்டி ஒழுகுதா மஹத்தயா?"

"இல்லை."

"சூடேறுதா?"

"இல்லை."

"தண்ணி குறையுதா?"

"ஏதோ கொஞ்சம். பழைய வண்டிதானே."

"அப்படின்னா நோய் வண்டிக்கு இல்ல மஹத்தயா" என்று சொல்லிவிட்டு மஞ்சள் கூலன்ட் கேனை எடுத்து வைத்தார். தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றுகிற வகை. கூடவே உள்ளே படிந்திருக்கும் அழுக்கைக் கரைக்கிற திரவம் ஒரு போத்தலும் கேட்டேன். அதையும் வைத்தார். ஆனால் கை விடாமல் போத்தலைப் பிடித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார்: "பழைய ரேடியேட்டருக்குள்ள இருக்கிற அழுக்கு சில நேரம் அழுக்கு இல்ல, சுவர்." நான் அதை வியாபாரியின் தத்துவமாக ரசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கோவில் உடுப்பை மாற்றி, வேலையில் இறங்கினேன். கீழே தட்டை வைத்து அடைப்பைத் திறந்ததும் மஞ்சள் தண்ணீர் ஓடியது. சுத்தம் செய்யும் திரவத்தை ஊற்றி என்ஜினை அரை மணி நேரம் ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி திறந்தேன். மஞ்சள் கசடு, பழுப்புத் துகள், பிசுபிசுவென்று ஒரு களி. குழாயைப் பிடித்துக் கழுவினேன். நான்காவது கழுவலில் பளிங்கு மாதிரி தண்ணீர் வந்தது. புதுக் கூலன்டை மெல்ல ஊற்றி, என்ஜினை ஓடவிட்டு, காற்றுக் குமிழ்கள் எல்லாம் வெளியேறும்வரை காத்திருந்து, மூடினேன். எல்லாம் வாசித்தபடியே நடந்தது. அதுவே எனக்குச் சந்தேகத்தைத் தந்திருக்க வேண்டும்.

மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். மறுநாளைக்கு உடுத்தும் சேலைக்கு ஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள்.

"கழுவுறீங்களா?"

"ஆமா."

"வெளியிலயா?"

"பெரும்பாலும்."

அவள் தட்டில் கிடந்த களியையும் என் விரல்களையும் பார்த்தாள். "நாளைக்கு வேன் ஓடுமா ஓடாதா? அத மட்டும் சொல்லுங்க. ஓடாதுன்னா இப்பவே பஸ்ஸப் புடிச்சுச் சித்தி வீட்டுக்குப் போயிடுறேன்."

"இனிமேதான் ஒழுங்கா ஓடும்" என்றேன். தொழிற்சாலைவரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தும் காட்டினேன். நிறுத்திய இடத்தில் இரண்டு சொட்டு மஞ்சள் விழுந்திருந்தது. ஊற்றும்போது வழிந்ததாக இருக்கும் என்றேன், எனக்குள்தான். பிறகு ஐந்து லீட்டர் கேனை வேனிலிருந்து இறக்கிக் கோழிக்கூட்டுப் பக்கம் வைத்தேன். கூலன்ட் ஊற்றிய வண்டிக்கு எதற்குப் பீலித் தண்ணீர்?

திங்கட்கிழமை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். இறக்கத்தில் பீலியைத் தாண்டும்போது நிறுத்தவில்லை. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. மனைவி மடியில் நீலப் பிளாஸ்டிக் பைல். பிறப்புச் சான்றிதழ், சாதாரண தரம், உயர்தரம், அதிபர் கடிதங்கள், பதினொரு வருஷம் கையெழுத்திட்ட கொப்பியின் பிரதிகள். கரவனல்லையில் வெளிச்சம் வந்தது. அவிசாவளையில் தேநீர் குடிக்க நான் இழுத்தேன், அவள் வரவில்லை. எஹலியகொடையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சூடு காட்டும் முள் மெல்ல எழும்பியது. மேட்டுக்கு அப்படித்தான் என்றேன்.

"எந்த மேடு?" என்றாள்.

ரோடு தட்டையாகக் கிடந்தது.

அடுத்த வளைவில் முன்னாலிருந்து புகை. ஓரம் கட்டினேன். ரோட்டில் நாங்கள் வந்த வழி முழுக்க ஒரு மஞ்சள் கோடு, கோலம் போட்டுக்கொண்டு வந்த மாதிரி. வேனுக்கு அடியில் என் அறிவு சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது. இந்த வேனுக்கு முன் சீட்டுக்கு அடியில்தான் என்ஜின். சீட்டைத் தூக்கியதும் ஆவி முகத்தில் அடித்தது. கைக்கு அகப்பட்டதை எடுத்து விசிறினேன்.

"மணி ஏழேகால்" என்றாள் மனைவி. சத்தம் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நல்லது.

டிரைவரண்ணனுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டேன், அது அடுத்த தவறு.

"ஒழுகுதுங்களா? ஏன் ஒழுகுது? நான் இருந்தவரைக்கும் ஒழுகலையே."

"உள்ள இருந்ததெல்லாம் கழுவிட்டு மஞ்சள் கூலன்ட் ஊத்துனேண்ணே. நீங்க ஊத்துன மாதிரியே."

"நான் எங்கங்க கூலன்ட் ஊத்துனேன்? அது மஞ்சத்தூளுங்க."

சாலையில் ஒரு லொறி போனது. அதன் இரைச்சலுக்கு மேலே அவரே தொடர்ந்தார்.

"ரேடியேட்டர்ல ஊசி ஓட்ட நாலஞ்சு இருக்குதுங்க. ஆறு மாசத்துக்கு ஒருக்கா ரெண்டு கரண்டி மஞ்சத்தூளக் கரைச்சு ஊத்துனா போய் அடைச்சுக்கும். அதுக்குத்தான் டேஷ்போர்டுல டின்னு வச்சுக் குடுத்தேன். வண்டியோட சேந்ததுன்னு சொன்னேனே. அந்த டின்ன எடுங்க ஐயா."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் போனைப் பார்த்துச் சொன்னாள்: "மீன் கொழம்புல போட்டாச்சுண்ணே."

"எல்லாமா?"

"மூணு வருசமாச்சேண்ணே."

"டீச்சரம்மா, அப்ப சூடத்தையும் எலுமிச்சங்காயையும்?"

"அதெல்லாம் பத்திரமா இருக்கு. அடுத்தவங்க நம்பிக்கைய மதிக்கணும்னு இவருதான் பிரசங்கம் பண்ணுனாரு."

அந்த நேரத்தில் வளைவில் இரத்தினபுரி பஸ் தெரிந்தது. நிறைந்து வழிந்த பஸ். அவள் குடையை நீட்டி ரோட்டுக்கு நடுவிலேயே போய் நின்றாள். பதினொரு வருஷம் இரண்டாம் வகுப்பை அடக்கியவள் நிற்கிற விதம் வேறு. பஸ் நின்றது. ஒரு கையில் கைப்பையும் மறு கையில் குடையுமாக மிதிபலகையில் ஏறினாள்.  கண்டக்டர் "ரத்னபுர, ரத்னபுர" என்று கத்திக்கொண்டே அவள் முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்து மறைத்தார். பஸ் போய்விட்டது.

நான் மறுபடி விசிற ஆரம்பித்தேன். மூன்றாவது விசிறலில்தான் கையில் இருப்பது என்ன என்று பார்த்தேன். நீலப் பிளாஸ்டிக் பைல்.

போன் அடித்தது.

"என் பைல் எங்க?"

"என் கையில."

அந்தப் பக்கம் அவள் கண்டக்டரிடம் டிக்கெட் வாங்குவது கேட்டது. வாங்கிவிட்டுச் சொன்னாள்: "என் நம்பர் முப்பத்தொண்ணு. ஒவ்வொரு ஆளா கூப்புடுவாங்க. வந்து சேருங்க." வைத்துவிட்டாள்.

ஓட்டோவைப் பிடித்துப் போயிருக்கலாமே என்று இந்தக் கதையைக் கேட்கிற எல்லோரும் சொல்கிறார்கள். சரிதான். எனக்கு அப்போது தோன்றவில்லை. எனக்கு அப்போது தோன்றியது இந்த வேனை ஓட வைப்பது மட்டும்தான். அதற்குப் பின்னால் மனைவி மேலிருந்த அக்கறை எவ்வளவு, அகம்பாவம் எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்க்கப் போவதில்லை.

நூறு அடி தள்ளி ஒரு சில்லறைக் கடை. கடைக்காரம்மா அப்போதுதான் பலகையை நீக்கிக்கொண்டிருந்தார். "அக்கே, கஹ தியெனவாத?" மஞ்சள் இருக்கிறதா என்று கேட்டேன்.

"கறிக்கா?"

"இல்லை. வேனுக்கு."

அவர் முகத்தில் ஆச்சரியத்தின் நிழல்கூட இல்லை. "எத்தனை கரண்டி?" என்றார். நாட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த விஷயம் போலிருக்கிறது. உறையில் அடைத்த பக்கெட் மஞ்சளை எடுக்கப் போனவர் கையை இழுத்துக்கொண்டார். "இதுல அரிசி மா கலந்திருப்பான். வீட்டுல இடிச்சது இருக்கு, தாறேன்."

நான் மறுபடி போனில் பிடித்துவைத்திருந்த டிரைவரண்ணன் பதறினார். "ஐயா, மா கலந்ததே வாங்குங்க! மா இருந்தா இன்னும் நல்லாப் புடிச்சுக்கும்!"

கலப்படத்தைக் கேட்டு வாங்கிய முதல் வாடிக்கையாளன் நானாகத்தான் இருப்பேன். கடைக்காரம்மா தன் இடித்த மஞ்சளை மனத்தாங்கலோடு உள்ளே வைத்துவிட்டு, அந்த உறை ஒன்றையும் வாளித் தண்ணீரையும் ஒரு பழைய கரண்டியையும் கொடுத்தார்.

"மூடிய ஒடனே தொறந்துராதீங்க, மூஞ்சி அவிஞ்சிரும்" என்றார் டிரைவரண்ணன். "ஆறட்டும். அவசரம்னாலும் ஆறட்டும்."

இருபத்தைந்து நிமிஷம் அந்த ரோட்டோரத்தில் நின்றேன். வாசிக்க ஒன்றும் இல்லாமல், போனைப் பார்க்கவும் துணியாமல். கடைக்காரம்மா தேநீர் கொண்டு வந்தார். ஓரத்தில் நின்ற என்னையும் வேனையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர் ஒரே மாதிரி அனுதாபத்தோடு பார்த்துக்கொண்டு போனார்கள். பிறகு துணியைச் சுற்றி மூடியைத் திறந்தேன். கரைத்ததை ஊற்றினேன். என்ஜினை ஓடவிட்டுத் தண்ணீரை மெல்ல மெல்ல நிரப்பினேன். முழங்கால் போட்டு அடியில் பார்த்தேன். சொட்டு, சொட்டு, சொட்டு. பிறகு ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் இடைவெளி கூடியது. பிறகு ஒரு சொட்டு விழலாமா வேண்டாமா என்று தொங்கி நின்றது. விழவில்லை.

"நின்னுருச்சுண்ணே."

"நிக்கும்ங்க. ஏறுங்க. நாப்பதுக்கு மேல போகாதீங்க."

கடைக்காரம்மாவின் இரண்டு தண்ணீர்ப் போத்தல்களோடு, நாற்பதில், குருவிட்ட தாண்டி, சைக்கிள்களுக்கு வழிவிட்டு, முள்ளைப் பார்த்துப் பார்த்து, அது எழும்பியபோதெல்லாம் நிறுத்தி ஆறவிட்டு, ஓட்டினேன். கழுத்து வலித்தது. பத்தரைக்கு இரத்தினபுரி. இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து நுழைந்தபோது பத்து ஐம்பது.

மரத்தடியில் நீளமான வாங்கில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மனைவி எழுந்து வரவில்லை. கையை மட்டும் நீட்டினாள். பைலைக் கொடுத்தேன். "இருபத்தெட்டு உள்ள போயிருக்கு" என்றாள். பைலைத் திறந்தாள். வழியில் ஒரு தடவை, எல்லாம் இருக்கிறதா என்று நான் எடுத்துப் பார்த்திருந்தேன். பிறப்புச் சான்றிதழின் வலது மூலையில் என் பெருவிரல் முழுசாக மஞ்சளில் பதிந்திருந்தது. உயர்தரச் சான்றிதழில் இரண்டு விரல். அதிபர் கடிதத்தில் உள்ளங்கை.

அவள் ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். நான் திட்டை எதிர்பார்த்து நின்றேன். கைக்குட்டையை எச்சில் தொட்டு ஓரத்தில் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. எனக்குத்தான் தெரியுமே, உயர்ந்த தரமான சாயம். "போய் முகத்தக் கழுவிட்டு வாங்க" என்றாள். "மஞ்சத்தண்ணி ஊத்துன ஆள் மாதிரி இருக்கீங்க."

உள்ளே நடந்ததைத் திரும்பி வரும் வழியில்தான் சொன்னாள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம். நடுவில் இருந்த அம்மா பிறப்புச் சான்றிதழைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்திருக்கிறார். பிறகு மோந்து பார்த்திருக்கிறார். "கஹத?", மஞ்சளா என்று கேட்டிருக்கிறார். இவள் சிங்களத்திலேயே, சுருக்கமாக, என் கணவர் வண்டி திருத்தினார் என்று சொல்லியிருக்கிறாள். ஓரத்தில் இருந்த ஐயா அதுவரை ஒருவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லையாம். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "வேலை செய்யுதா அது?" என்று கேட்டிருக்கிறார்.

"நீ என்ன சொன்ன?"

"நான் வந்து சேந்துட்டேன்தானேன்னேன். சான்றிதழக் காலையிலயே ஏன் காட்டலன்னு கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு தெரியல. கேக்கல."

அதன் பிறகு பாடத்திட்டம், பிள்ளைகளின் வரவு, இரண்டு பாட்டு. பாடச் சொன்னார்களாம். பாடினாளாம். நான் எதைப் பாடினாய் என்று கேட்கவில்லை.  எஹலியகொடைக்கு முன்னால் கடைக்காரம்மாவுக்குக் கரண்டியையும் போத்தல்களையும் திருப்பிக் கொடுக்க இறங்கினோம். மனைவி அவரிடம் இடித்த மஞ்சள் அரைக் கிலோ கேட்டு வாங்கினாள். அவருக்கு மனத்தாங்கல் தீர்ந்தது.

மூன்று மாதம் கழித்து நியமனக் கடிதம் வந்தது. நிரந்தரம். பாடசாலை, கலவானைக்கு அந்தப் பக்கம்.

எங்கள் வீட்டிலிருந்து அது அரை நாள் பயணத்துக்குக் கொஞ்சம் குறைவு. மறுக்கிறதா என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் கடிதத்தை மடித்து நீலப் பைலுக்குள் வைத்தாள். இப்போது இன்னொரு ஆசிரியையோடு அங்கே ஓர் அறையில் இருக்கிறாள். ஞாயிறு பூசை முடிந்ததும் போகிறாள், வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் போய்க் கூட்டி வருகிறேன்.

வேனுக்குப் புது ரேடியேட்டர் போட்டாயிற்று. டவுன் முதலாளி பச்சைக் கூலன்ட் கேனை எடுத்து வைத்தார். ஏன் பச்சை என்று நான் கேட்கவில்லை. வாசித்தும் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து பார்ப்பேன், பச்சை இருக்கும், மூடுவேன். ஐந்து லீட்டர் கேன் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. டிரைவரண்ணன் எம்பிலிப்பிட்டியவிலிருந்து வந்ததும் புது ரேடியேட்டரைத் தடவிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுக்கு ஒரு குணம் வர நாளாகுங்க" என்றார்.

கலவானைக்குப் போகுமுன் மனைவி கடுகை வேறு டின்னுக்கு மாற்றிவிட்டு, பழைய டின்னைக் கழுவிக் காயவைத்து, மஞ்சள் நிரப்பி, டேஷ்போர்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். மேலே காகிதம் ஒட்டி, இரண்டாம் வகுப்புக் கரும்பலகையில் எழுதுகிற உருண்டை எழுத்தில் எழுதியிருந்தாள்: 'வேனுக்கு. சமையலுக்கு அல்ல.'

இப்போது கிழமை நாட்களில் நான்தான் சமைக்கிறேன். போன புதன்கிழமை மீன் வாங்கி வந்து அடுப்பில் வைத்த பிறகு பார்த்தால் வீட்டில் மஞ்சள் தீர்ந்திருந்தது. வெளியே போய் வேனின் கதவைத் திறந்து, பெட்டியைத் திறந்து, டின்னைக் கையில் எடுத்தேன். புது ரேடியேட்டர் ஒழுகாது. ஒரு சிட்டிகை குறைந்தால் யாருக்கும் தெரியப் போவதுமில்லை. எழுத்தை ஒரு தடவை வாசித்தேன். டின்னை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

குழம்பு வெள்ளையாக இருந்தது. வெள்ளிக்கு இன்னும் இரண்டு நாள்.